அடுத்தவர் முட்டி பற்றிய கணக்கெடுப்பு

எனக்குப் பதற்றம் மூன்று கட்டமாக வரும். முதலில் விக்கல். அடுத்து உள்ளங்கை வியர்வை. மூன்றாவது கட்டத்தில், எதிரே இருப்பவர் எதைக் கேட்டாலும் "நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவேன். முதல் இரண்டுக்கும் வீட்டில் கைவைத்தியம் உண்டு. மூன்றாவதற்கு இன்றுவரை மருந்து இல்லை. என் கல்யாணமே அந்தக் கட்டத்தில் நடந்ததுதான்.

மயிலாப்பூரில் எங்கள் பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு மண்டபம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, அங்கே முன்னாள் ராணுவத்தினர் சங்கம் கூடும். மண்டபம்தான் மாதா கோயிலுடையது, வருகிறவர்கள் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்கள். பொங்கலும் வடையும் மதம் பார்ப்பதில்லை. என் மாமனார் பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமியார் காலமான பிறகு மந்தைவெளியில் எங்களோடு இருக்கிறார். அவரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கி, வடை தீர்ந்ததும் ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை.

சங்கத்தின் செயலாளர் ஒரு அம்மா. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து, மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றவர். அடையாறில் தனியாக இருக்கிறார். குள்ளம், வெள்ளை முடி, கஞ்சி போட்ட புடவை. அவர் மண்டபத்துக்குள் நுழைந்தால் தரைப்படை, கப்பற்படை, விமானப்படை என்ற பேதமெல்லாம் மறைந்து ஒரே படையாகிவிடும்: பயந்த படை. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு ஊரில், இடுப்பில் ஊசி போட்டது இவராகத்தான் இருக்கும் என்ற சந்தேகம் அவர்களுக்கு உண்டு.

அந்த அம்மா ஒரு ஞாயிறு என்னை மடக்கினார்.

"தம்பி, ஆபீஸ்ல உங்களுக்கு என்ன வேலை?"

"டேட்டா, மேடம்."

"தமிழ்ல சொல்லுங்க."

"எந்த வயசுக்காரங்க, எந்த ஏரியால, எத்தனை பேரு ஒரு வீட்டுல இருக்காங்க, அவங்களுக்கு என்ன தேவைன்னு பிரிச்சுப் பாக்கறது."

பெருங்குடியில் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து நான் பிரித்துப் பார்ப்பது ஷாம்பு பாக்கெட் வாங்குகிறவர்களை என்பதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

"அப்ப இவங்களைப் பிரிச்சுப் பாருங்க" என்று கை காட்டினார். அங்கே இரண்டாவது வடைக்காக இரண்டு முன்னாள் ஹவில்தார்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு அறக்கட்டளையிடம் ஒரு மருத்துவ வண்டி இருக்கிறது. உள்ளேயே காது சோதிக்கிற கண்ணாடி அறை, கண் பார்க்கிற கருவி, எலும்பு டாக்டர் எல்லாம் உண்டு. முன்னாள் ராணுவத்தினருக்காக வாரம் ஒருநாள் ஏதாவது ஒரு பக்கத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கமா, வடபழனிப் பக்கமா என்று இன்னும் முடிவாகவில்லை. எத்தனை பேர், என்ன வயது, எங்கே குடியிருக்கிறார்கள், கூட யார் இருக்கிறார்கள், உடம்புக்கு என்ன என்ற விவரத்தோடு வருகிற பக்கத்துக்கு வண்டி.

"எனக்குத் தெரியும் தம்பி இவங்க நிலைமை. ஆனா நான் சொன்னா ஒரு நர்ஸம்மா ஆதங்கம்னு எடுத்துப்பாங்க. அவங்களுக்குக் கணக்கு வேணும். உங்களால ஆகுமா?"

விக்கல் வந்தது. கை வியர்த்தது.

"நான் பாத்துக்கறேன் மேடம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூட டீச்சர். சிரிக்க ஆரம்பித்தால் வகுப்பு மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டாள். இந்தமுறை பாதியிலேயே நிறுத்திவிட்டு, "ஏங்க, அந்த வண்டி மட்டும் வந்தாகணும்" என்றாள்.

காரணம் மாமனாரின் காது. பீரங்கிக்குப் பக்கத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். எங்கள் வீட்டில் அவர் செய்தி பார்த்தால் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு எங்களுடையதையே கேட்பார்கள். கோயில் பாடற்குழுவில் தடித்த குரல்காரர் அவர். மொத்தக் குழுவும் பாடி முடித்து உட்கார்ந்த பிறகும் இவர் ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சரணத்துக்குள் போய்விடுவார். அதுவரைக்கும் சிரிப்புதான். ஆனால் ஒருநாள் லஸ் முனையில் அவர் ரோட்டில் நடந்துபோக, பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, கடைசியில் டிரைவரே இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டிருக்கிறார். எதிர்ச்சாரியில் காய்கறிப் பையோடு நின்று என் மனைவி அதைப் பார்த்திருக்கிறாள். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் அழைத்துப்போகலாமே என்பீர்கள். அழைத்தோம்.

"ஆஸ்பத்திரிக்கா? எனக்கு என்ன மாப்ளே?" என்றார் மாமனார், தெருவுக்கே கேட்கிற குரலில். "பட்டாளத்துல மெடிக்கல் பரேடுன்னா மொத்த யூனிட்டும் வரிசையில நிக்கும். நானும் நிப்பேன். ஒருத்தன் மட்டும் தனியா போய் அங்க வலிக்குது, இங்க வலிக்குதுன்னு சொன்னா அவனுக்குப் பேரு என்ன தெரியுமா? டிமிக்கி! வேலைக்கு டிமிக்கி குடுக்கறவன்!"

ஆக, ஊரே வரிசையில் நின்றால்தான் அவரும் நிற்பார். ஊரே வரிசையில் நிற்க வண்டி வரவேண்டும். வண்டி வர நான் கணக்குக் காட்டவேண்டும். வண்டி வந்தால் அவருக்குக் காது. வராவிட்டால் எனக்கு டிவி.

ஆபீசில் செய்கிற மாதிரியே கையடக்கக் கணினியில் கேள்விகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன். வயது, எந்தப் படை, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, கூட யார். இதெல்லாம் டாண் டாண் என்று வந்தது. ராணுவத்தினர் மாதிரி பதில் சொல்கிறவர்கள் கிடையாது. நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் கேட்பதற்கு முன்பே வரும். ஷாம்பு வாங்குகிறவர்கள் இவர்களிடம் பாடம் படிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் உடம்பைப் பற்றிய கேள்விகள் ஆரம்பித்தன.

தி.நகரில் ஒரு விமானப்படைக்காரர். விமான இன்ஜின் பழுது பார்த்தவர். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"முட்டி வலி உண்டாங்க சார்?"

"நெவர்."

"எழுந்திருக்கும்போது சிரமம்?"

"நோ பிராப்ளம்."

நல்லது என்று குறித்துக்கொண்டு, "வரேன் சார்" என்று எழுந்தேன். அவரும் வழியனுப்ப எழ முயன்றார். முயன்றார். மறுபடியும் முயன்றார். நான் கை கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து மேலே வருவதற்குப் பதிலாக நான் கீழே போனேன். இரண்டு பேரும் பேப்பர் மேல் கிடந்தோம். உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "தினமும் இப்படித்தான், இன்னிக்கு துணைக்கு ஒருத்தர் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் தூக்கினார்.

"சார், இப்ப முட்டி வலி?"

"நெவர்."

கோட்டூர்புரம் வீட்டுவசதிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில், தரைப்படைக்காரர் ஒருவர். தனியாக இருக்கிறார். கண் பார்வை எப்படி என்று கேட்டேன். "பருந்து!" என்றார். கணினியைக் கொடுங்கள், நானே குறிக்கிறேன் என்று வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் உற்றுப் பார்த்து, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்று திருப்பிக் கொடுத்தார்.

என் மாமனாரையும் விடவில்லை. எதிரே உட்கார்ந்து அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "மாமா! காது! நல்லா! கேக்குதா!"

"ஏன் கத்தற? எல்லாம் கேக்குது."

கீழ்வீட்டிலிருந்து ஒரு அம்மா மேலே வந்து, எங்களுக்கும் நன்றாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும் கூட்டி வரைபடம் போட்டேன். அழகான வரைபடங்கள். வயது வாரியாக, ஏரியா வாரியாக, மாடி வாரியாக. உடம்பு என்ற பகுதியில் மட்டும் ஒன்றும் இல்லை. துணி காயப்போடாத கொடி மாதிரி ஒரு வெறும் கோடு. எங்கள் சங்கத்தில் காது, கண், முட்டி எல்லாம் இருபது வயதுப் பையன்களைப் போல இருப்பதாகக் கணக்கு சொன்னது. இந்தக் கணக்கை நம்பினால் இவர்களை மறுபடி எல்லைக்கே அனுப்பலாம்.

இதை எடுத்துக்கொண்டுதான் அடையாறுக்குப் போனேன். மேடம் வீட்டுக் கூடத்தில் அறக்கட்டளை அம்மாவும் வந்து உட்கார்ந்திருந்தார். கைத்தறிப் புடவை, மெல்லிய குரல், எதையும் இரண்டு முறை வாசிக்கிற பழக்கம். வெறும் கோட்டையும் இரண்டு முறை வாசித்தார்.

"ரொம்ப சந்தோஷமான விஷயம். யாருக்குமே ஒண்ணும் இல்லை."

மேடம் என்னைப் பார்த்த பார்வையில் ஊசி இருந்தது.

"ஆனா ஒருத்தர் மட்டும் ரொம்பப் பாவம்" என்றார் அறக்கட்டளை அம்மா. "மந்தைவெளிக்காரர். இடுப்பு வலி, முதுகு வலி, கண் எரிச்சல், வாயு, தூக்கமின்மை, படபடப்பு, உள்ளங்கையில வியர்வை, எல்லாத்துலயும் 'ஆம்' போட்டிருக்கு. வயசும் ஐம்பதைத் தொடலை. யார் இவரு? எந்தப் போர்ல இருந்தாரு?"

கேள்விகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, முதன்முதலில் நானே என்னைப் பற்றிப் பதில் போட்டுப் பார்த்தேன். அதை அழிக்க மறந்திருக்கிறேன். இத்தனை போர்களைப் பார்த்த பட்டாளத்தில் ஒரே நோயாளி, ஷாம்பு கம்பெனிக்காரன்.

"அவரை... அவரை நான் பாத்துக்கறேன் மேடம்" என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு விக்கல்.

அறக்கட்டளை அம்மா பொறுமையாகச் சொன்னார்: "வடபழனிப் பக்கம் நிறைய பேருக்கு சிரமம்னு விவரம் வந்திருக்கு. இங்க தேவை இல்லைன்னா வண்டியை அங்க அனுப்பறதுதான் நியாயம். அடுத்த சங்கக் கூட்டத்துக்கு நானே வரேன். வேற ஏதாவது இருந்தா அன்னிக்குக் காட்டுங்க."

அவர் போனதும் மேடம் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். "தம்பி, இவங்களை வரிசையில நிக்க வச்சு ஒரு அதிகாரி வந்து 'யாருக்காவது குறை உண்டா'ன்னு கேப்பாரு. மொத்தப் பேரும் 'இல்லை சார்'னு கத்துவாங்க. செருப்புக்குள்ள முள்ளு இருந்தாலும் இல்லை சார்தான். நீங்களும் கையில ஒரு பலகையை வச்சுக்கிட்டு அதே மாதிரி போய் நின்னிருக்கீங்க."

அது எனக்கு நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் பதற்றம் அதிகமானதே தவிர வழி பிறக்கவில்லை. வீட்டுக்குப் போக மனசில்லாமல் பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றேன். அங்கே எங்கள் சங்கத்துக் கப்பற்படைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கப்பலில் சமையல்காரராக இருந்தவர். என் மாமனாருக்கும் அவருக்கும் பல வருட வாய்ச்சண்டை. என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா நைனா, மூஞ்சி ஏன் இப்புடி கீது? வூட்ல அந்த பீரங்கி எப்டி கீறாரு?"

"நல்லா இருக்காரு."

"இன்னா நல்லா? போன ஞாயித்துக்கெயம நான் பக்கத்துல நின்னுகினு கூப்பிடுறேன், கூப்பிடுறேன், மனுசன் திரும்பல. செவுத்தாண்ட பேசியிருந்தா செவுரு திரும்பியிருக்கும். ரெண்டு காதும் அவுட்டு. ஆனா ஒத்துக்க மாட்டாரு. ஆர்மியாச்சே!"

"உங்களுக்கு முட்டி எப்படிண்ணே?"

"எனக்கின்னா? கல்லு மாரி கீது."

கல் மாதிரிதான் இருந்தது. கிளம்பும்போது பெஞ்சைப் பிடித்து, மேசையைப் பிடித்து, கடைசியில் டீ மாஸ்டரைப் பிடித்து எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் மாமனார் சொல்கிறார்: "அந்தக் கப்பல்காரனைப் பாத்தியா மாப்ளே? முட்டி ரெண்டும் செத்துப்போச்சு. மண்டபத்துல மொத்தம் மூணே படி. அதை ஏறமாட்டான். கீழயே நின்னுக்கிட்டு, காத்து வாங்கறேம்பான். கேட்டா ஒத்துக்கமாட்டான். நேவிக்காரன் புத்தி!"

நான் மாமனாரைப் பார்த்தேன். அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவருக்குப் பிடிக்காது என்பதால் மனைவியைக் கட்டிப்பிடித்தேன். அவள் கையில் தோசைத் திருப்பி இருந்ததால் அதுவும் சரிப்படவில்லை.

மறுநாளே மறுபடி கிளம்பினேன். இந்தமுறை யாரிடமும் அவர் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. "சார், மத்தவங்களெல்லாம் எப்படி இருக்காங்க? யாருக்காவது உதவி தேவைப்படுமா?" என்று மட்டும் கேட்டேன். அவ்வளவுதான். அணை உடைந்தது. தி.நகர் விமானப்படைக்காரர், தரைப்படையில் ஒருவருக்கும் கண் தெரியாது என்று ஆரம்பித்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே மதியச் சாப்பாட்டு நேரம் வரைக்கும் பேசினார். கோட்டூர்புரத்துப் பருந்து, விமானப்படைக்காரர்களுக்கு முட்டி என்ற உறுப்பே இல்லை என்றார். கேட்காதவர்கள்கூட எனக்குப் போன் செய்து சொன்னார்கள். ஆபீசில் மீட்டிங்கில் இருக்கும்போது போன் வரும்: "தம்பி, என் பேரு வேணாம். நம்ம பழைய ஹவில்தாருக்கு ராத்திரி கண்ணு சுத்தமா தெரியல. எழுதிக்குங்க." நான் எழுதிக்கொள்வேன். மேலதிகாரி, ஷாம்புவில் இவ்வளவு அக்கறை உள்ளவன் உண்டா என்று பார்ப்பார்.

இப்போது வரைபடத்தில் கொடி தாங்காத அளவுக்குத் துணி. அதிலும் ஒரு கோளாறு. கப்பற்படையை நம்பினால் தரைப்படை மொத்தமும் செவிடு. தரைப்படையை நம்பினால் கப்பற்படை தவழ்ந்துதான் வருகிறது. மேடத்திடம் காட்டினேன்.

"இது கணக்கு இல்லை தம்பி. கோள்."

"கோள்தான் மேடம். வடிகட்டினா கணக்காயிடும்."

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு விதி வைத்தோம். ஒருவரைப் பற்றி வேறு படைக்காரர் ஒருவர் சொன்னால் போதாது. சொந்தப் படைக்காரர் ஒருவரும் சொல்லவேண்டும். அதற்குமேல் உள்துறையும் ஆமோதிக்கவேண்டும். உள்துறை என்றால் வீட்டம்மா, மகள், மருமகள், யாரும் இல்லாவிட்டால் பக்கத்து வீடு. யார் பெயரும் வெளியே வரக்கூடாது. வயது, ஏரியா, மாடி, கூட யார், என்ன சிரமம் என்பது மட்டும்தான் கணக்கில் நிற்கும். இதை மேடம் இரண்டு தடவை சொன்னார். "அவங்க மானம் இதுல இருக்கு" என்றார்.

வடிகட்டிய பிறகு பார்த்தால், சிரிப்பு அடங்கிவிட்டது. காது போனவர்கள் பெரும்பாலும் பீரங்கிக்காரர்களும் இன்ஜின் பக்கத்தில் வேலை பார்த்தவர்களும். முட்டி போனவர்களில் பலர் கோட்டூர்புரம் போல லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளில், மேல்மாடிகளில் இருக்கிறார்கள். அதில் மனைவியை இழந்து தனியாக இருக்கிறவர்களைப் பிரித்தால், அவர்கள் சங்கக் கூட்டத்துக்கே வருவதில்லை. வராதவர்களை நாங்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். படி இறங்க முடியாமல்தான் வரவில்லை.

சங்கக் கூட்டம் வந்தது. பூசை முடிந்து, பொங்கல் முடிந்து, நான் திரையில் படத்தைப் போட்டேன். அறக்கட்டளை அம்மா முதல் வரிசையில். மாமனார் இரண்டாவது வரிசையில், நெஞ்சை நிமிர்த்தி. கப்பல்காரர் வாசற்படியில், காற்று வாங்கிக்கொண்டு.

"நம்ம சங்கத்துல காது சரியா கேக்காதவங்க பாதிக்கு மேல" என்று சொல்லி முடித்தேன். திரையிலும் கொட்டை எழுத்தில் இருந்தது.

அத்தனை கண்ணும் திரைக்குப் போனது. பிறகு, திரையை வாசித்த மாமனார் எழுந்தார்.

"யாரு சொன்னது?"

எனக்கு விக்கல்.

"எங்க யாருக்கும் ஒரு குறையும் கிடையாது! யாரு சொன்னது மாப்ளே? பேரைச் சொல்லு!"

மண்டபம் முழுக்க "அதானே!" "யாரு?" "எவன் அவன்?" என்று எழுந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டவர், எனக்கு அதிகமாகப் போன் செய்த மனிதர். நான் வாயைத் திறந்தால் இந்தச் சங்கத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கமாட்டார்கள். திறக்காவிட்டால் வண்டி வடபழனிக்குப் போகும். அறக்கட்டளை அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிளம்புகிற அறிகுறி. நான் மேசைக்கு அடியில் ஆள் நுழைகிற அளவு இடம் இருக்கிறதா என்று நிஜமாகவே குனிந்து பார்த்தேன்.

"சாவ்தான்!"

மேடத்தின் குரல். மண்டபத்தில் அத்தனை நாற்காலிகளும் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன. அத்தனை பேரும் விறைப்பாக நின்றார்கள். எனக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது.

"ரெண்டு வரிசை. உயரமானவங்க பின்னாடி."

ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நாற்காலிகள் ஒதுங்கின, வரிசை உருவானது. கப்பல்காரர்கூட இரண்டு பேர் தோளைப் பிடித்து மேலே வந்து, முன்வரிசையில், சரியாக என் மாமனாருக்கு முன்னால் நின்றார். எல்லாரும் திரையைப் பார்த்தபடி நிற்க, மேடம் நிதானமாக நடந்து அவர்கள் முதுகுக்குப் பின்னால் போனார். சுவரோரம் நின்றுகொண்டு, மருமகளிடம் உப்பு கேட்கிற குரலில், மெதுவாகச் சொன்னார்:

"பீச்சே முட்."

பின்னால் திரும்பு என்ற கட்டளை. அதைக் கேட்டு, பட்டாளத்தில் சேர்ந்த நாளில் பழகியபடி சுத்தமாகத் திரும்பியவர்கள் ஒரு சிலர். அடுத்திருந்தவர் திரும்புவதை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரு நொடி தாமதமாகத் திரும்பியவர்கள் சிலர். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். காற்றில் நெல் சாய்கிற மாதிரி வரிசை ஒரு பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. தி.நகர்க்காரர் பாதி திரும்பி, சந்தேகம் வந்து, மறுபடி பழைய திசைக்கே போனார். மாமனார் மட்டும் அசையவில்லை. மேடத்துக்கு மிக அருகில் நின்றவர் அவர். சாவ்தானில் கல்தூண் மாதிரி நின்றார்.

முன்வரிசையில் கப்பல்காரருக்குக் காது சுத்தம். கட்டளை கேட்டது, திரும்பினார். முட்டிக்குத்தான் அந்தக் கட்டளை போய்ச் சேரவில்லை. உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. ஆடி, சாய்ந்து, எதிரே இருந்த மாமனாரின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அவர் மோவாயில் மூக்கு உரச நின்றார்.

"என்னடா என்னைப் பாக்கற?" என்றார் மாமனார், சாவ்தானைக் கலைக்காமல்.

"ஆர்டர் வந்துச்சு நைனா! பின்னால திரும்பச் சொல்லி!" கப்பல்காரர் அவர் முகத்துக்கு நேராகக் கத்தினார். "நீ இன்னாத்துக்குத் திரும்பல?"

"நீ என்னாத்துக்கு என் சட்டையைப் புடிச்சிருக்க?"

"வுட்டா வுயுந்துடுவேன்யா!"

மண்டபத்தில் யாரோ ஒருவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அப்புறம் கூரை போய்விடும் போலச் சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை. கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்தார். தனக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்கிற மேடத்தைப் பார்த்தார். திரும்பி நிற்கிற இத்தனை முகங்களையும் பார்த்தார்.

"மேடம்" என்றார். அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆர்டர் எனக்கு வரலை."

மேடம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் வாய் தெரிகிற மாதிரி நின்று சொன்னார்: "உங்க தப்பு இல்லை சுபேதார் சாப். பீரங்கி எடுத்துக்கிட்டுப் போனது அது. நம்ம கணக்குல எழுதிக்கலாமா?"

மாமனார் யோசித்தார். "இவன் முட்டியையும் எழுதுவீங்கன்னா, எழுதிக்குங்க."

"எய்து, எய்து!" என்றார் கப்பல்காரர், இன்னும் சட்டையை விடாமல். "மொதல்ல ஒரு சேர் போடு நைனா!"

அறக்கட்டளை அம்மா பையை மறுபடி தரையில் வைத்தார். திரும்பாதவர்களை, தாமதமாகத் திரும்பியவர்களைத் தன் பங்குக்கு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். என்னுடைய படத்தை வாங்கி இரண்டு முறை வாசித்தார். "கிட்டத்தட்ட ஒத்து வருதே, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். தொழில் ரகசியம் என்றேன். மண்டபத்தில் பாதிப்பேர் கூரையைப் பார்த்தார்கள். ஒருவாரம் மண்டப வாசலிலும், மறுவாரம் படி இறங்க முடியாதவர்களுக்காகக் கோட்டூர்புரம் குடியிருப்புக்கு உள்ளேயும் வண்டி நிற்கட்டும், மாடிக்கு டாக்டர் ஏறி வரட்டும் என்று அங்கேயே முடிவானது. வடபழனிக்கும் வேறொரு நாள் ஒதுக்குவதாகச் சொன்னார். பூசைக்கு வந்திருந்த என் மனைவி மண்டப வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரித்துத்தான் என்று பிறகு சத்தியம் செய்தாள்.

வண்டி வந்தது. மண்டப வாசலில் வரிசை, உயர வாரியாக. மாமனார்தான் முதல் ஆள். கண்ணாடி அறைக்குள் காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்தவேண்டும். நான் வெளியே கண்ணாடியில் மூக்கை ஒட்டவைத்து நின்றேன். மனிதர் டக் டக் என்று அழுத்துகிறார். ஒன்றுகூடத் தவறவில்லை. எனக்கு மறுபடி வியர்த்தது. உள்ளேயும் 'குறை ஒன்றும் கிடையாது' என்று சாதித்துவிட்டால்?

அப்புறம்தான் பார்த்தேன். அவர் காதால் கேட்டு அழுத்தவில்லை. சோதிக்கிற பெண்ணின் விரல் கருவியில் அசைவதைப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறார். அந்தப் பெண்ணும் கவனித்துவிட்டாள். நடுவிலிருந்த திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

பொத்தான் நின்றது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அவர் விரல் பொத்தான் மேலேயே இருந்தது, அழுந்தவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, மெதுவாகத் தலையை இடவலமாக அசைத்தார். நானும் சரி என்று தலையசைத்தேன்.

வெளியே வந்தவர் என்னைத் தாண்டிப் போனார். வரிசையில் அடுத்து நின்ற விமானப்படைக்காரரிடம் குனிந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, மாட வீதி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"உள்ள திரையை மூடிடறாங்கடா. ஏமாத்த முடியாது. உண்மையைச் சொல்லிடு."

விமானப்படைக்காரர் அதைப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். அவர் அடுத்தவரிடம். செய்தி வாய்வழியாக வரிசை நெடுகப் போய், கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கப்பல்காரரை எட்டியது. அவர் தன் முட்டியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "அடப்பாவிங்களா, அப்டியா?" என்றார்.